ரெண்டு பேர், எட்டு மீட்டர் மணல்: வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு பீச் வாலிபால் வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோர்ட்டுக்குப் புதிதாக வரும் பையன் பெரும்பாலும் இரண்டு கேள்வி கேட்பான். "அண்ணா, ஷூ போட்டுக்கலாமா?" என்பது ஒன்று. "இதுல போனா எவ்ளோ சம்பாதிக்கலாம்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: கூடாது. இது வெறுங்காலில் ஆடும் ஆட்டம். நடுவர் ஒப்புக்கொண்டால்தான் காலில் எதையாவது மாட்டலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். மணல், வலை, ஜோடி, காற்று, சான்றிதழ் எல்லாவற்றையும் தாண்டித்தான் அதற்கு வர முடியும்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பள்ளியில் ஆறு பேர் ஆட்டத்தில் லிஃப்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். பிறகு மணலில் மாநிலப் போட்டி வரை போய்த் திரும்பியவன். இப்போது வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு நிற்கிறேன். நான் செய்த தப்புகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. அதுதான் இதை எழுத எனக்கிருக்கும் தகுதி.

முதலில் மணலைத் தேடுங்கள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மணல்தான் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், சாலைக்கும் அலைக்கும் நடுவே பல இடங்களில் கொட்டி வைத்த கருங்கல்தான். காரணம் துறைமுகம். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கியபின் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வரவேண்டிய மணல் வரவில்லை, இருந்ததையும் கடல் தின்றது. "நம்ம மண்ணு மேல குந்திக்கினுதான் அவங்க சுண்டல் துன்றாங்க" என்று எங்கள் ஆயா சொல்லும்.

ஆனாலும் இடம் உண்டு. கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்ந்திருக்கும். மணல் வடக்கே நகர்வதால் ஒவ்வொரு வளைவின் தென்பக்கத்தையும் முதலில் பாருங்கள். உங்களுக்குத் தேவை 22 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். கோர்ட் 16-க்கு 8, சுற்றி ஓட 3 மீட்டர். மணல் ஆழம் 40 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கையை முழங்கை வரை புதைத்துப் பாருங்கள், கல் தட்டக் கூடாது. வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் மணல் போகும் திசை மாறும். தீபாவளிக்கு ஆடிய இடத்தில் பொங்கலுக்குத் தண்ணீர் நிற்கும். ஆகவே இரண்டு இடம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

எதுவும் அமையவில்லையா? விம்கோ நகரிலிருந்து மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, வாலாஜா சாலை வழியே நடந்தால் மெரினா. விடியற்காலையில் அங்கே வாலிபால் ஆடும் கூட்டம் இருக்கும். நம் மணலில் நாம் ஆடப் போகிறோம், யாரிடமும் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தங்கம் வாங்கியது நார்வேயின் ஆந்தர்ஸ் மோல், கிறிஸ்டியன் சோரும் ஜோடி. 2024 பாரிஸில் வாங்கியது சுவீடனின் டாவிட் ஓமான், யோனாதான் ஹெல்விக். பாதி வருஷம் பனி கொட்டும் நாடுகள் அவை. மணலைக் கூரைக்குள் கொட்டி வைத்து ஆடப் பழகுகிறார்கள். நம்மிடம் கூரை இல்லை. ஆனால் கொட்டி வைத்த மணல் இருந்தால் போதும் என்பதற்கு அவர்களே சாட்சி. ஒரு பள்ளி மைதானத்தின் ஓரத்தில் சில லாரி மணல் கொட்ட வைக்க முடிந்தால், கடல் பக்கமே போக வேண்டாம்.

கரை யாருடையது

கோர்ட் போடுவதற்கு முன் அந்தக் குப்பத்துப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். கரை அவர்களுக்கு வேலை செய்யும் இடம். அங்கே வலை காயும், கருவாடு காயும், ஃபைபர் போட்டுகளை (படகுகளை) ஏற்றுவார்கள். காய வைத்த வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள். பந்து வலையில் விழுந்தால் சுற்றிப் போய் எடுங்கள். நாங்கள் முதல் வாரம் கேட்காமல் கம்பம் நட்டோம். இரண்டாவது வாரம் கம்பம் இல்லை, குழி மட்டும் இருந்தது. பிறகு போய்ப் பேசியதில், கம்பத்தைப் பிடுங்கிய அண்ணனே "இங்க நட்டா போட்டு ஏத்த முடியாது, அப்பால தள்ளி நடு" என்று இடம் காட்டினார். இன்று எங்கள் வலை கிழிந்தால் தைத்துக் கொடுப்பவரும் அவர்தான். கண்ணி பிரிந்த வாலிபால் வலை அவர் கையில் பத்து நிமிஷ வேலை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டி நிற்கும், பள்ளிக்கூடமும் கொஞ்ச நாள் லீவு. ஆளுக்குப் பஞ்சமில்லாமல் ஆடக் கிடைப்பது அப்போதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த இரண்டு மாதத்தை விட வேண்டாம்.

கோர்ட் போடுதல்

முதலில் மணலைச் சலிக்க வேண்டும். நம் கரையில் சிப்பி, பாட்டில் ஓடு, நைலான் நரம்பு, தூண்டில் முள் எல்லாம் கலந்திருக்கும். இரும்பு வாரியால் இரண்டு முறை வாருங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் முள்ளும் ஆணியும் ஒட்டிக்கொண்டு வரும். காலில் கீறினால் அன்றைக்கே டி.டி. ஊசி. எண்ணூர்ப் பக்கம் இன்னொரு தொல்லை எண்ணெய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மணலில் தார் உருண்டை தட்டுப்பட்டால் அன்று ஆட்டம் வேண்டாம். காலில் ஒட்டியதைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடையுங்கள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் தோல் எரியும்.

அளவு எடுக்க ஒரு டேப் போதும். ஒரு பக்கம் 8-க்கு 8 சதுரம். மூலைக்கு மூலை 11.31 மீட்டர் வந்தால் சதுரம் சரி. முழுக் கோர்ட்டுக்கு மூலைவிட்டம் 17.89. இதைப் பார்க்காமல் கண்ணளவில் போட்ட கோர்ட்டுகள் எல்லாம் சாய்சதுரமாகத்தான் இருக்கும். அதில் பழகிய பிள்ளை போட்டிக்குப் போனால் லைன் ஷாட் எல்லாம் வெளியே போகும். கோடு 5 சென்டிமீட்டர் அகல நாடா. உருண்டைக் கயிறு போடாதீர்கள், கால்விரல் மாட்டி நகம் பெயரும். கோட்டில் பந்து பட்டால் உள்ளே. நடுக்கோடு கிடையாது, மூன்று மீட்டர் கோடும் கிடையாது.

கோர்ட்டின் நீளம் வடக்குத் தெற்காக இருக்கட்டும். நமக்குச் சூரியன் கடலிலிருந்து நேராக எழும். கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு பக்கம் நிற்பவர் காலை ஆட்டம் முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் ஆட வேண்டும்.

வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. பதினாறு வயது வரை இருபாலருக்கும் 2.24, பதினான்கு வரை 2.12, பன்னிரண்டு வரை 2 மீட்டர். பன்னிரண்டு வயசுப் பையனை 2.43-இல் ஆட வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவன் எம்பி எம்பித் தோளைக் கெடுத்துக்கொள்வான், அடிக்கவும் கற்க மாட்டான். அளப்பது வலையின் நடுவில். கம்பத்துக்கு இழுகயிறு கட்டினால் அதில் சிவப்புத் துணி சுற்றுங்கள். வெறும் கயிறு பந்தைத் துரத்தி ஓடுபவன் கண்ணுக்குத் தெரியாது.

பந்து

ஆறு பேர் ஆட்டத்துப் பந்தைக் கொண்டுவராதீர்கள். எடை ஒன்றுதான், 260 முதல் 280 கிராம். ஆனால் பீச் பந்து சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர் பெரியது, 66 முதல் 68. காற்று குறைவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.175 முதல் 0.225 கிலோ. உள்ளரங்கப் பந்தில் 0.30-க்கு மேல். அதனால் பீச் பந்து மெத்தென்று இருக்கும், காற்றில் அலையும். சர்வதேசப் போட்டிகளில் மிகாசா கம்பெனிப் பந்து. விலை கையைக் கடிக்கும். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், பழக நம் நாட்டுக் கம்பெனிப் பந்து இரண்டு போதும். நேரு ஸ்டேடியம், பெரியமேடு பக்கம் கடைகளில் கேட்டால் கிடைக்கும். சைக்கிள் கடையில் காற்றடிக்காதீர்கள். கைப்பம்பும் அளவு காட்டும் கேஜும் ஒரே செலவு.

ஒளிய இடமில்லாத ஆட்டம்

ஆறு பேர் ஆட்டத்தில் எதிரணி போடும் சர்வீஸை எடுக்க எனக்கு வராது. நான் லிஃப்டர், யாரும் என்னை எடுக்கச் சொல்லவும் இல்லை. மணலில் என் முதல் போட்டியில் முதல் செட்டை 21-6 என்று தோற்றோம். அந்தச் செட்டில் அவர்கள் போட்ட சர்வீஸில் பதினேழு என் மேல் வந்தது. மூன்றாவது சர்வீஸிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்குப் புரிந்ததுதான் இந்த ஆட்டத்தின் சாரம். இரண்டே பேர், மாற்று ஆட்டக்காரர் கிடையாது. யார் பலவீனமோ அவர் மேல்தான் எல்லாப் பந்தும் வரும். சர்வீஸை எடுத்தவரே ஓடி வந்து அடிக்க வேண்டும், மற்றவர் தூக்கிக் கொடுக்க வேண்டும். "எனக்கு வராது" என்று ஒரு வேலையைத் தள்ளி வைக்க முடியாது.

ஆறு பேர் ஆட்டத்திலிருந்து வருபவர்கள் அடிக்கடி இடறுவது சில விதிகளில்தான்.

வலைக்கு மேல் கை நீட்டி மறிக்கும் பிளாக்கில் பட்டதும் ஒரு தொடுதல் கணக்கு. அப்புறம் இரண்டே தொடுதல் மீதி. மூன்று இருக்கிறது என்று நினைத்துப் பழகிய கை இதை மறக்க ஆறு மாதம் ஆகும். அடுத்தது, விரல் நுனியால் பிளேஸ் பண்ணக் கூடாது. வலைக்கு மேல் பந்தை மெல்லத் தட்டி விட வேண்டுமானால் மடக்கிய விரல் முட்டியாலோ விறைத்த விரல்களாலோ குத்த வேண்டும். விரித்த விரலால் தள்ளினால் பாயிண்ட் எதிரிக்கு. சர்வீஸை மேல்கையால் விரலில் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். பந்து இரு கையிலும் ஒரே நேரத்தில் சுத்தமாகப் படாவிட்டால் நடுவர் உடனே ஊதுவார். கீழ்க்கையால் எடுங்கள். தூக்குவதற்கும் முதலில் கீழ்க்கையையே பழகுங்கள். மேல்கை லிஃப்ட் அழகுதான். ஆனால் பந்து சுழன்றால் நடுவர் கண்ணில் படும். லிஃப்டர் என்ற திமிரில் வந்த எனக்கே முதல் மாதத்தில் எத்தனை ஊதல் என்று எண்ணவில்லை.

கணக்கு எளிது. மூன்று செட்டில் இரண்டு. முதல் இரண்டும் 21, மூன்றாவது 15, எப்போதும் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். முதல் இரண்டு செட்டில் மொத்தப் பாயிண்ட் ஏழு ஏழாகக் கூடும்போது பக்கம் மாற வேண்டும், மூன்றாவதில் ஐந்து ஐந்தாக. ஏன் இத்தனை முறை? காற்றுக்காக.

காற்றைப் படித்தல்

இதில் நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத் தர வேண்டாம். வாடை, கச்சான், கொண்டல் என்று பேர் சொல்லி வளர்ந்தவர்கள். விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும். அப்போது கோர்ட்டின் ஒரு பக்கம் நல்லது, மற்றது கெட்டது. புதியவர்கள் காற்று முதுகில் அடிக்கும் பக்கம்தான் நல்லது என்று நினைப்பார்கள். தலைகீழ். எதிர்காற்றில் பலமாக அடித்த சர்வீஸைக் காற்றே பிடித்துக் கீழே இறக்கும், கோர்ட்டுக்குள் விழும். முதுகுக் காற்றில் அதே சர்வீஸ் பறந்து வெளியே போகும். டாஸ் ஜெயித்தால் பல நேரம் சர்வீஸை விட்டுப் பக்கத்தைக் கேட்பது புத்திசாலித்தனம்.

பழக ஒரு வழி: சர்வீஸ் போடுமுன் ஒரு பிடி மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு தலைக்கு மேல் பார்த்து, கட்டுமரத்துப் பாயோ கட்சிக் கொடியோ எப்படி அடிக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. பந்து போவது மேல் காற்றில்.

ஜோடி பிடித்தல்

நல்ல நண்பன் நல்ல ஜோடியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நான் முதலில் ஆடியது என் உயிர்த் தோழனோடு. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே பலம், ஒரே பலவீனம். தோற்றால் இரண்டு பேருமே பேச மாட்டோம். பிறகு எனக்குப் பிடிக்காத ஒருவனோடு ஆடினேன். வாய் ஓயாமல் பேசுவான். ஆட்டம் உயர்ந்தது அப்போதுதான்.

பார்க்க வேண்டியது மூன்று. ஒருவருக்கு வலைக்கு மேல் கை எழ வேண்டும், மற்றவர் பின்னால் ஓடி எடுக்க வேண்டும். ஒருவருக்கு இடது பக்கம் பிடித்தால் மற்றவருக்கு வலது. மூன்றாவது, தோற்றுக்கொண்டிருக்கும்போது வாய் திறக்கிறாரா என்பது. அடிக்க எம்பியவர் பந்தைத்தான் பார்ப்பார், எதிர்ப்பக்கம் எங்கே காலி என்று அவருக்குத் தெரியாது. தூக்கிக் கொடுத்தவர்தான் அந்த அரை நொடியில் கத்த வேண்டும். எங்கள் கோர்ட்டில் "நேர்", "குறுக்கு", "ஆளில்ல" என்று மூன்றே சொல். "ஆளில்ல" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.

முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவர், தான் எதை பிளாக் செய்யப் போகிறார் என்று பின்னால் இருப்பவருக்குச் சொல்கிறார். ஒரு விரல் காட்டினால் நேர்கோட்டை அடைப்பார், இரண்டு விரல் காட்டினால் குறுக்கை. மூடிய கை என்றால் பிளாக் இல்லை, பின்வாங்குவார். இடது கை இடது எதிராளிக்கு, வலது கை வலது எதிராளிக்கு. இதை முதல் வாரத்திலிருந்தே பழகுங்கள்.

உயரமோ வயதோ பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: ஓமான், ஹெல்விக் இரண்டு பேரும் தங்கம் வாங்கும்போது வயது 22. ஆனானப்பட்ட உயர பிளாக்கர்களை அவர்கள் திணறடித்தது ஒரு தந்திரத்தால். இரண்டாவது தொடுதலுக்கு அடிப்பதுபோல் எம்பி, பிளாக்கரை இழுத்துவிட்டு, காற்றில் இருந்தபடியே ஜோடிக்குத் தூக்கிக் கொடுப்பார்கள். கேரம் போர்டில் ஒரு காயைக் காட்டி இன்னொன்றைப் போடும் கைதான். அந்தக் கை நம் தெருக்களில் நிறைய இருக்கிறது. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம ஏரியாப் பெண்தான்.

முதல் ஆறு மாதம்

வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை. அதற்கு மேல் வேண்டாம். முதல் மாதம் எம்பவே கூடாது. மணல் மூட்டுக்கு நல்லது, ஆனால் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நரம்புக்கும் புதிது. முதல் வாரமே தாவித் தாவி அடித்துவிட்டு, அடுத்த வாரம் மாடிப்படி ஏற முடியாமல் நின்றுபோன பையன்கள் பலர். நடை, பக்கவாட்டு ஓட்டம், சர்வீஸ் எடுத்தல், கீழ்க்கை லிஃப்ட். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

இரண்டாம் மாதத்திலிருந்து நின்ற சர்வீஸ், ஒரு நாளைக்கு ஐம்பது. கோர்ட்டின் நான்கு மூலையிலும் துண்டு போட்டு வைத்து அடியுங்கள். மூன்றாம் மாதம் எம்புதல். மணலில் எம்பினால் பாதி பலம் மணலுக்குப் போகும், அதனால் உள்ளரங்கில் ஓடி வந்து எம்பும் நீண்ட ஓட்டத்தை விட்டு, கால்களைச் சேர்த்து நேராக மேலே எழப் பழக வேண்டும். பலமாக அடிப்பதைவிட ஆளில்லாத இடத்தில் போடுவதற்கே இங்கே மதிப்பு. வலையை ஒட்டிக் குறுக்கே சின்னதாக வெட்டும் கட் ஷாட், பிளாக்கர் தலைக்கு மேல் கோட்டோரமாக ஆழத்தில் இறங்கும் ஷாட், இந்த இரண்டும் கையில் இருந்தால் மாவட்ட அளவில் பாதி ஆட்டம் ஜெயிக்கலாம்.

தோளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி தினமும் பத்து நிமிஷம். வாலிபால்காரனுக்கு முதலில் போவது தோள், அப்புறம் முழங்கால் சில்லு, அப்புறம் இடுப்பு. வலித்தால் மறைக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். காலையில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்க நெத்திலிக் கருவாடு, நடுவில் உப்புப் போட்ட மோர். மூத்திரம் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஜிம்மில் கொடுக்கும் டப்பா பவுடரைத் தொடாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. தேசியப் போட்டியில் ஊக்கமருந்துச் சோதனை வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஜலதோஷ மாத்திரையில்கூடத் தடை செய்த மருந்து இருக்கலாம், டாக்டரிடம் ஆட்டக்காரர் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கடலில் குளிக்க ஓடாதீர்கள். தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் நீரோட்டம் இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகள்

வீட்டில் முதல் தடை உடை. டிவியில் காட்டுவதைப் பார்த்துவிட்டு அம்மாக்கள் "வேணாம்மா" என்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: 2012-லிருந்தே அரைக்கால் சட்டையும் கை வைத்த மேல்சட்டையும் போட்டு ஆட விதி இடம் தருகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் டோவா எல்கோபாஷி ஹிஜாப் அணிந்து, முழுக்கை, முழுக்கால் உடையில் ஆடினார். எங்கள் கோர்ட்டில் பெண்கள் டிராக் பேண்ட், டி-ஷர்ட்டில்தான் ஆடுகிறார்கள். இருட்டு விலகிய பிறகு தொடங்குவது, இரண்டு மூன்று அம்மாக்களும் வந்து உட்காருவது, இந்த இரண்டையும் நாங்கள் விதியாகவே வைத்திருக்கிறோம். அம்மாக்களுக்கு இப்போது ஸ்கோர் எழுதத் தெரியும். நடுவரைத் திட்டவும் தெரியும்.

போட்டியும் காகிதமும்

பள்ளியில் இருப்பவர்களுக்கு வழி நேரானது. பி.இ.டி. சாரிடம் கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளில் கடற்கரைக் கையுந்து பந்து உண்டு. முதலமைச்சர் கோப்பையிலும் உண்டு. பல பள்ளிகளில் ஜோடியே பெயர் கொடுப்பதில்லை. பெயர் கொடுத்தாலே மாவட்டம் வரை போய்விடலாம் என்பது இந்த ஆட்டத்தில் இன்னும் இருக்கும் சௌகரியம். கல்லூரியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. வெளியே மாவட்டச் சங்கம், மாநிலப் போட்டி, அதிலிருந்து தேசியம். 2025 மே மாதம் டையூவில் முதல் கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகள் நடந்தபோது இதுவும் இருந்தது.

கோப்பையைவிடக் காகிதம் முக்கியம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கோ கல்லூரிக்கோ போனால் கேட்பது படிவம். சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, பள்ளி தேசியப் போட்டிக்கு 4. போட்டி முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். வருஷம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட்டவர் மாறியிருப்பார். என் கதை இன்னும் மோசம். சான்றிதழில் என் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பெயரில் ஓர் எழுத்து வேறு. ஓர் அலுவலகத்தில் மூன்று முறை நடந்தேன். திருத்தி வாங்குவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நான்கிலும் ஒரே பெயர், ஒரே தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வயதைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகுங்கள்.

தெருவில் ஒட்டும் "தேசிய அளவிலான போட்டி" நோட்டீஸ் எல்லாம் அங்கீகாரம் உள்ளதல்ல. நுழைவுக் கட்டணம் கட்டுமுன் எந்தச் சங்கம் நடத்துகிறது, அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிர்வாகச் சண்டையால் 2016-இல் இந்தியக் கூட்டமைப்பையே சர்வதேசச் சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. மேலே சண்டை நடந்தால் அடிபடுவது சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைதான்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி

எவ்வளவு சம்பாதிக்கலாம்? முழுநேர ஆட்டக்காரர் வாழ்க்கை எப்படி என்று முதலில் பாருங்கள். உலக அளவில் 2022-லிருந்து பீச் புரோ டூர் நடக்கிறது. கீழே ஃபியூச்சர்ஸ், நடுவில் சேலஞ்ச், மேலே எலைட். எலைட் பிரதானச் சுற்றில் கொஞ்சம் ஜோடிக்குத்தான் இடம். புதியவர்கள் ஃபியூச்சர்ஸில் தொடங்கிப் பாயிண்ட் சேர்த்து ஏற வேண்டும். இரண்டு பேரின் பாயிண்டையும் கூட்டித்தான் ஜோடிக்கு இடம். விமான டிக்கெட், விசா, தங்கும் அறை எல்லாம் தொடக்கத்தில் சொந்தக் கைக்காசு. தகுதிச் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது போன செலவுக்குக் காணாது. ஆறு பேர் ஆட்டக்காரருக்குக் கிளப் சம்பளம் தரும். மணலில் ஜோடிதான் கிளப்பு, மேனேஜரும் சமையல்காரரும் அவர்களேதான். அதனால்தான் ஜோடி உடைவது இங்கே குடும்பம் உடைவதுபோல.

உச்சியில் இருப்பவர்கள் கதை வேறு. அமெரிக்காவின் மிஸ்டி மே-ட்ரீனர், கெரி வால்ஷ் ஜென்னிங்ஸ் ஜோடி 2004, 2008, 2012 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். நடுவில் தொடர்ந்து 112 ஆட்டம் தோற்கவில்லை. கார்ச் கிராய் 1984, 1988-இல் ஆறு பேர் ஆட்டத்தில் தங்கம் வாங்கிவிட்டு, 1996 அட்லாண்டாவில் பீச் வாலிபால் முதல்முறை பதக்க விளையாட்டானபோது 35 வயதில் மணலிலும் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் ஆண்களில் 24, பெண்களில் 24 ஜோடி, ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு. இந்தியாவிலிருந்து இதுவரை ஒரு ஜோடியும் போனதில்லை. இதைக் கேட்டு ஒரு பையன் முகம் வாடினான், இன்னொருவன் "அப்ப ஃபர்ஸ்ட் நாமதானா?" என்றான். இரண்டாமவனை நான் சர்வீஸ் எடுக்க அனுப்பினேன்.

நம் ஊரில் இந்த ஆட்டம் தரக்கூடிய வருமானம் வேலை. தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்தப் போட்டியும் பதக்கமும் செல்லும் என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் படித்துப் பார்க்க வேண்டும். ரயில்வே, வங்கி, வருமான வரித் துறை எல்லாம் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஆறு பேர் அணிக்கு. நமக்குப் பக்கத்திலேயே ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப். இருக்கிறது. ஆகவே மணலுக்கு வந்தவுடன் உள்ளரங்கை விட்டுவிடாதீர்கள். மணலில் பழகியவர் உள்ளே போனால் சர்வீஸ் எடுப்பதிலும் எம்புவதிலும் மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருப்பார், தேர்வாளர் கண்ணில் அது படும். படிப்பையும் விட வேண்டாம். ஒதுக்கீட்டிலும் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் கேட்பார்கள். வேலை கிடைத்தபின் டூர் போவது பற்றி யோசியுங்கள். லீவு கிடைக்குமா என்பது தனிக் கதை.

அடுத்த ஞாயிறு வருபவர்கள் ஐந்தரைக்கு வந்துவிடுங்கள், வாரி இழுக்க ஆள் வேண்டும். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு. செருப்பைப் போட்டின் நிழலில் விடாதீர்கள், போட்டு கிளம்பும்போது சேர்ந்து போய்விடும். மண்வெட்டி கொண்டு வருபவருக்கு முதல் சர்வீஸ்.